தண்ணீரில் கரைந்தவை

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் ஆலைகளில் ஒரு சோதனை உண்டு. குரோமியக் கரைசலோடு டிரம்மில் மணிக்கணக்கில் உருண்டு வெளியே வந்த தோலின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்குவார்கள். அதைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். துண்டு கோட்டுக்குள் சுருங்கிக் கிடந்தால் தோல் இன்னும் பதமாகவில்லை, டிரம் இன்னும் ஓட வேண்டும். கோட்டோடு கோடு பொருந்தினால் அடுத்த வேலைக்கு அனுப்பலாம்.

அதே ஆட்டின் கால் வேறு வழியில் போகிறது. தீயில் வாட்டி, மயிர் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவி, மிளகும் சீரகமும் பூண்டும் இடித்துப் போட்டு, மணிக்கணக்கில் கொதிக்கிறது. ஆட்டுக்கால் சூப் என்றும் எலும்பு ரசம் என்றும் வீட்டுக்கு வீடு பெயர் மாறும். மிச்சத்தை மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் கட்டியாக உறைந்திருக்கும். தோலிலும் காலிலும் இருப்பது ஒரே புரதம்: கொலாஜன். ஆலையில் அது கொதிநீரிலும் கரையக் கூடாது, அடுப்பில் அது கரைந்தே ஆக வேண்டும். பதனிடாத தோல் 60 முதல் 65 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சாற்றில் ஊறிய தோல் ஏறத்தாழ 80 டிகிரி வரை தாங்கும். குரோமியம் ஏறிய தோல் 100 டிகிரியையும் தாண்டி நிற்கும். கொதிநீர்ச் சோதனைக்கு அடிப்படை இதுதான்.

கொலாஜனின் அமைப்பைக் கண்டுபிடித்த கதை சென்னையில் நடந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைகளில், கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடிவம் என்று காட்டினார். அவருடைய ஊடுகதிர் ஆய்வுக்கு வேண்டிய கங்காரு வால் தசைநார், அடுத்த வளாகத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. ஆம்பூர் போன்ற ஊர்களின் தோல் தொழிலுக்காக 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. உயிரியலின் மிக முக்கியமான கட்டமைப்புகளில் ஒன்று தோல் தொழிலின் பக்கத்து வீட்டில் பிறந்தது என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

சூட்டில் அந்த மூன்று இழைகளும் பிரிந்து தண்ணீரில் கலந்தால் ஜெலட்டின். ஆட்டுக்கால் சூப்பின் வழுவழுப்பு அதனால் வருவது. கைகால் முறிந்தவர்களுக்கு அதைத் தவறாமல் கொடுக்கிறார்கள். குடித்த ஜெலட்டின் நேராகப் போய் எலும்பில் ஒட்டிக்கொள்வதில்லை. குடல் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் நறுக்கித்தான் உள்ளே விடும். பசியில்லாமல் படுத்திருப்பவர் வயிற்றில் சூடாக, காரமாக, கொஞ்சம் புரதத்தோடு ஏதாவது இறங்குகிறதே, அந்த நன்மை மெய்யானது.

இந்த அத்தியாயம் ரசத்தைப் பற்றியது. புளி ரசம், மிளகு ரசம், பருப்பு ரசம், தக்காளி ரசம், வறண்ட நிலத்துக் கொள்ளு ரசம் என்று எதை எடுத்தாலும், பேசுகிறவர்கள் மிளகையும் பூண்டையும் பெருங்காயத்தையும் பேசுவார்கள். ஒரு டம்ளர் ரசத்தில் இவையெல்லாம் சேர்ந்து சில கிராம்தான். மீதி தண்ணீர். ரசம் வைப்பது என்பது தண்ணீருக்குள் எதை, எவ்வளவு, எப்போது கரைப்பது என்ற வேலை. அந்தத் தண்ணீரில் நாம் போடாத பொருள்கள் ஏற்கெனவே கரைந்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கும் பாலாற்றங்கரையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

அதற்கு முன் சுவையைப் பார்ப்போம், துவர்ப்பிலிருந்து தொடங்கலாம். குரோமியம் வருவதற்கு முன்பு இந்த வட்டாரத்துத் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் குழிகளில் வாரக்கணக்கில் ஊறியது. பட்டையிலும் காயிலும் இருக்கும் டானின், கொலாஜன் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த புரதம் அழுகாது, கரையாது. கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அங்கேயும் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். நம் உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் உண்டு. கொலாஜனிலும் புரோலின் ஏராளம். டானினுக்குப் புரோலின் மிகுந்த புரதம் என்றால் தனிப் பிடிப்பு. அது உமிழ்நீர்ப் புரதங்களைப் பிடித்துத் திரளாக்கிவிடுவதால் வாயின் வழுக்கல் போய் நாக்கும் அண்ணமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலை நாம் துவர்ப்பு என்று உணர்கிறோம். ஆவாரம் குழியில் தோலுக்கு வாரக்கணக்கில் நடந்தது, கடுக்காய் கடித்த வாயில் நொடியில் நடந்து முடிகிறது.

புளியங்கொட்டையின் மேல்தோலிலும் டானின் நிறைய உண்டு. புளி கரைக்கும்போது கொட்டையை நசுக்காமல் எடுக்கச் சொல்வதற்கு அது ஒரு நல்ல காரணம். ரசத்துக்கு வேண்டியது புளிப்பு. சுவைகளைச் சோதித்துப் பார்த்தால் உமிழ்நீரை அதிகமாக ஊறவைப்பது புளிப்புதான். குழம்புச் சோறு தின்ற வாயில் எண்ணெயும் மாவுமாக ஒரு படலம் படிந்திருக்கும். சூடான, புளிப்பான, நீர்த்த ரசம் அதன் மேல் போனால் உமிழ்நீர் சுரந்து அந்தப் படலம் கழுவப்படும். நாக்கு அடுத்த கவளத்தைப் புதிதாகச் சந்திக்கும். குழம்பு, ரசம், மோர் என்று நம் சாப்பாடு கெட்டியிலிருந்து நீர்த்ததற்கு, காரத்திலிருந்து புளிப்புக்கு, சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு இறங்குகிறது. பெரிய விருந்துகளில் ரசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிடும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சாப்பாட்டின் சிறந்த பகுதியை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆம்பூர் பிரியாணிப் பந்தியில் ரசம் கிடையாதே என்று கேட்கலாம். ரசம் இல்லை, ஆனால் ரசத்தின் வேலை இருக்கிறது. சீரகச் சம்பா அரிசியும் கறியும் கொழுப்பும் சேர்ந்த அந்தத் தட்டில் கத்திரிக்காய்த் தொக்கைத் தவறாமல் வைக்கிறார்கள். அதில் புளி உண்டு. தயிர்வெங்காயமும் புளிப்புதான். கொழுப்பு வழுவழுப்பைக் கூட்டும்போது புளிப்பும் துவர்ப்பும் எதிர்ப்பக்கம் இழுக்கும். இந்த ஊரின் முஸ்லிம் சமையலும் இந்துச் சமையலும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன, ஜவ்வாது மலையடிவாரத்துப் புளியை வைத்துக்கொண்டு.

இனி அடுப்புக்குப் போவோம். எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சளும் தக்காளியும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுகிறோம். இந்தக் கட்டத்தில் எவ்வளவு கொதித்தாலும் தப்பில்லை. புளியின் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் ஆவியாகிப் போகாது, நம் அடுப்புச் சூட்டில் சிதையவும் செய்யாது. பிறகு பருப்புத் தண்ணீரை ஊற்றி, ஒன்றும் பாதியுமாக இடித்த மிளகு, சீரகம், பூண்டு போடுகிறோம். இங்கிருந்துதான் கவனம் வேண்டும். பானையின் ஓரத்தில் முதலில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். அது உள்நோக்கிக் கூடும். நடுவில் இருக்கும் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, மஞ்சள் நுரை முழுவதுமாக மூடிப் பொங்கப் பார்க்கும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். நுரை கூடி வரட்டும், கொதிக்க விடாதே என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணத்தை.

அந்த நுரையைக் கட்டுவது பருப்பின் புரதம். தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் மெல்ல எழும் நீராவியும் குமிழிகளாக வரும்போது புரதம் அவற்றின் சுவரில் போய் ஒட்டி உடையாமல் பிடித்துக்கொள்கிறது. கொதி முற்றினால் பெரிய நீராவிக் குமிழிகள் எழுந்து நுரையைக் கிழித்துவிடும். எனவே நுரை முழுதாக மூடி நிற்கிறது என்றால் ரசம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று பொருள். வெப்பமானி இல்லாத சமையலறையில் கண்ணாலேயே வெப்பத்தை அளக்கும் முறை இது.

ஏன் அந்த அளவு? சீரகத்தின் குமினால்டிஹைடு, கொத்தமல்லி விதையின் லினலூல் போன்ற மணப்பொருள்கள் தண்ணீரில் அதிகம் கரையாதவை. தனியாகச் சுட்டால் 200 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து கொதித்தால் நீராவி அவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். யூகலிப்டஸ் தைலமும் லெமன்கிராஸ் எண்ணெயும் வடிப்பது இந்த முறையில்தான். ரசம் தளதளவென்று கொதித்துத் தெரு முழுக்க மணந்தால், அந்த மணம் பானையில் இல்லை. தாளிப்பைக் கடைசியில் கொட்டுவதற்கும் இதே நியாயம். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றின் மணம் நெய்யில் நன்றாகக் கரையும். அந்த நெய் ரசத்தின் மேல் மிதக்கும். டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது மூக்குக்கு முதலில் எட்டுவது அந்த மேல்படலம்.

இறக்கி வைத்த ரசம் சிறிது நேரத்தில் இரண்டாகப் பிரியும். மேலே தெளிவு, அடியில் மண்டி. குழந்தைக்குத் தெளிவை ஊற்றுங்கள், எனக்கு அடியோடு கலக்கி ஊற்றுங்கள் என்று வீட்டில் சொல்வோம். இதற்குள் மிளகின் ரசாயனம் ஒளிந்திருக்கிறது. மிளகின் காரம் பைப்பரின். டென்மார்க் நாட்டு அறிவியலாளர் ஓர்ஸ்டெட், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்கு ஓராண்டு முன்பு, 1819இல் அதைப் பிரித்தெடுத்தார். குளிர்ந்த தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம்தான் அது கரையும். சூட்டில் கூடுதலாகக் கரைந்தாலும் பெரும்பகுதி மிளகுத் துணுக்குகளிலேயே தங்கிவிடும். துணுக்குகள் அடியில் படியும். ஆகவே தெளிவில் புளிப்பும் உப்பும் மணமும், மண்டியில் காரம். ஒரே பானையிலிருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் இரண்டு பதார்த்தம் எடுக்க முடிவது இந்தக் கரைதிறன் வேறுபாட்டால்தான்.

பைப்பரினும் மிளகாயின் காரமான கேப்சைசினும் நாக்கில் தட்டுவது ஒரே கதவை. டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் அடையாளம் கண்ட டிஆர்பிவி1 என்ற ஏற்பி அது. அதற்காக அவர் 2021இல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் அதே ஏற்பியைத் திறக்கும். ஆறிய ரசம் சப்பென்றும் அதே ரசம் சுடச்சுட நல்ல காரமாகவும் இருப்பது இதனால்தான். வெப்பமும் மிளகும் ஒரே நரம்பில் கூட்டாகச் செய்தி அனுப்புகின்றன. மூக்கு ஒழுகும், கண் கலங்கும், நெற்றி வியர்க்கும். சளி பிடித்து மணமே தெரியாத நாளிலும் ரசம் மட்டும் உறைப்பதற்குக் காரணம், காரம் போவது மண நரம்பில் இல்லை, முகத்தின் தொடு நரம்பில்.

மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் மருந்து என்ற பேச்சுக்கு ஓர் ஆய்வு அடிப்படை உண்டு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்டது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனித உடலில் குர்குமின் கிடைக்கும் அளவு 20 மடங்கு உயர்ந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் நம் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டு ரசத்துக்குக் கால் தேக்கரண்டி மஞ்சள்தூள். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே குர்குமின். அதாவது மொத்தப் பானையிலும் 20 மில்லிகிராம் சுமார். டம்ளருக்கு நாலைந்து மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த அளவுக்கு நானூறு டம்ளர் குடிக்க வேண்டும். கொரோனா காலத்தில் ரசம் கிருமியைக் கொல்லும் என்று செய்திகள் பறந்தன. அதற்குச் சான்று ஏதும் இல்லை. ரசம் நல்ல உணவு, அந்தப் பெருமை அதற்குப் போதும்.

காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ரசஞ்சோறு கொடுப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதில் வேலூருக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2000ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவுச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். போக்கு குறைந்தது, சீக்கிரமே நின்றது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் சோடியத்தையும் தண்ணீரையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

குழைந்த சோறு, உப்பு, நிறையத் தண்ணீர் என்ற பழைய பத்தியம் சரியான திசையில்தான் இருந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல துணை. ஆனால் ரசம் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு மாற்று ஆகாது. கரைசலில் உப்பும் சர்க்கரையும் அளவோடு இருப்பதுதான் உயிர் காப்பது. ரசத்தில் அந்த அளவு வீட்டுக்கு வீடு மாறும். குழந்தைக்குப் போக்கு என்றால் முதலில் பொட்டலக் கரைசல், பசி திரும்பியதும் தெளிவு ரசத்தில் பிசைந்த சோறு.

பாத்திரத்தில் ஒரு வேதியியல் பாடம் இருக்கிறது, அதுவும் இந்த வட்டாரத்துக்கே பொருந்துவது. புளி உலோகத்தைக் கரைக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது அதனால்தான். அதே காரணத்தால் பித்தளைப் பாத்திரத்தில் அப்படியே ரசம் வைத்தால் செம்பு இறங்கிக் களிம்பேறும், குமட்டும். உள்ளே ஈயம் பூசி அதைத் தடுத்தார்கள். ஈயச் சொம்பிலேயே ரசம் வைத்த வீடுகளும் உண்டு. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை வெப்பம் நூறைத் தாண்டாது, வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பே இருக்காது. வெள்ளீயத்தோடு காரீயம் கலந்து விற்றால் அது நஞ்சு, வாங்குகிறவர்கள் கேட்டுச் சோதித்து வாங்க வேண்டும். பிறகு எவர்சில்வர் வந்தது. நூற்றுக்கு 18 பங்கு வரை அதில் குரோமியம் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகி இரும்பைப் புளியிடமிருந்து காக்கிறது. தோலைக் கொதிநீரிலிருந்து காக்கும் அதே தனிமம். பாத்திரத்தில் கட்டுண்டு கிடக்கும் குரோமியத்தால் தீங்கில்லை. தண்ணீரில் கரைந்து வரும் குரோமியம் வேறு கதை.

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரம் வழியே வந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் இதன் கரையிலோ கரையை ஒட்டியோ இருப்பவை. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தபோது இவை மூன்று மாவட்டங்களுக்குப் போய்விட்டன. நிலத்தடி நீர் மட்டும் பிரியவில்லை. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடியது. அந்த ஊற்றுத் தண்ணீரை நம்பித்தான் குடித்தார்கள், பயிர் வைத்தார்கள், தோலும் பதனிட்டார்கள்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பைத் தடவி வைப்பார்கள். ஆலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், குரோமிய உப்பு. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்தது. டம்ளர் கணக்கில் பார்த்தால் 175 டம்ளர் ரசத்தின் தண்ணீர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், தீங்கு நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு அறிவித்தது. உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் வேலூர் என்ற பெயரைப் படிக்கிறார்கள்.

இப்படி மாசடைந்த நிலத்தடி நீரில் ரசம் வைத்தால் என்ன ஆகும்? கணக்காகவே பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை அனுமதிக்கிறது. இங்கே காரத்தன்மை என்பது மிளகின் காரம் அல்ல, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டின் அளவு. 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர், ஏறத்தாழ 0.9 கிராம் டார்டாரிக் அமிலத்தை முறித்துவிடும். எலுமிச்சை அளவுப் புளி 25 கிராம் என்றால் அதில் இரண்டரை கிராம் அளவுக்கு அமிலம் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு புளிப்பைத் தண்ணீரே விழுங்கிவிடுகிறது. போர்த் தண்ணியில் வைத்தால் புளி எடுபடவில்லை என்று பெண்கள் சொல்வது துல்லியமான வேதியியல். அதை ஈடுகட்டப் புளியைக் கூட்டினால் நிறம் கறுக்கும், கெட்டிப்படும், ரசம் குழம்பாகிவிடும்.

பருப்பு அடுத்தது. துவரம்பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு மசியும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெக்டினைக் கரையவிடாமல் இறுக்கிவிடும். குக்கர் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசாக நிற்கும். மசியாத பருப்பு புரதத்தைத் தண்ணீருக்குள் விடாது, நுரையும் சரியாகக் கட்டாது.

உப்பைச் சொன்னால் இன்னும் கவலை. குளோரைடுக்கு ஏற்ற அளவு 250, வேறு வழியில்லாத இடத்தில் 1,000 மில்லிகிராம். ஆயிரம் என்பது சமையல் உப்புக் கணக்கில் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கும் மேல். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உள்ள ஒருவர், சோற்றுக்கும் ரசத்துக்கும் குடிப்பதற்கும் இந்தத் தண்ணீரையே எடுத்தால், உப்பு டப்பாவைத் தொடுவதற்கு முன்பே அந்த அளவில் பெரும்பகுதியை முடித்திருப்பார்.

குரோமியத்தில் தோலுக்குப் பயன்படுவது மூன்றிணைதிற வடிவம். அதன் நச்சு குறைவு. ஆறிணைதிற வடிவம் புற்றுநோய் தருவது. மூன்றிணைதிற உப்பைத் தயாரிக்க முதலில் ஆறிணைதிற குரோமேட்டைத்தான் செய்ய வேண்டும். ராணிப்பேட்டையில் அதைச் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை அப்படியே விட்டுச் சென்றது. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்தக் கழிவு மேடு இத்தனை ஆண்டுகள் கிடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பலவற்றில் சவ்வு வழியே நீரைப் பிரித்து மீண்டும் ஆலைக்கே அனுப்புகிறார்கள். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பையும் குரோமியத்தையும் குறைக்கும் முறைகளை உருவாக்கியது. காவிரித் தண்ணீர் குழாயில் இந்த ஊர்களுக்கு வருகிறது. ஆனாலும் பிரித்தெடுத்த உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி தீரவில்லை. மண்ணுக்குள் இறங்கியதும் அவ்வளவு எளிதில் வெளியே வராது. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30ஆம் தேதி மறுபடியும் ஒரு தீர்ப்பு வழங்கி, இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்து.

இந்த ஆலைகளை நம்பி வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு யாரும் தோல் தொழிலை மூடு என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். உப்புக்குப் பதில் குளிர்பதனம், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துதல், ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பதனிடலுக்கு நல்ல விலை என்று தொழில்நுட்பத்தில் வழிகள் இருக்கின்றன. செலவை யார் ஏற்பது என்பதுதான் இழுபறி. மாசுபடுத்தியவரும் அந்த ஷூவை வாங்கிப் போடுகிறவரும் ஏற்க வேண்டும் என்பது என் முடிவு. கேன் தண்ணீர் வாங்கி ரசம் வைக்கும் குடும்பம் அந்தச் செலவை இன்று தன் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறது.

பாலாற்றுப் படுகையில் கிணற்றுத் தண்ணீரையோ போர்த் தண்ணீரையோ சமையலுக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகளின் மொத்த அளவு, கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் ஆகிய ஐந்தையும் பாருங்கள். வழக்கமான பட்டியலில் உலோகங்கள் பெரும்பாலும் வருவதில்லை, ஆகவே குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை என்று பாருங்கள், அளவுகள் மாறும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடும்.